கறுப்பி தின்ற மேலங்கி

லேயாள் டீச்சரின் வெள்ளாடு கறுப்பி, மாதாவின் மேலங்கியைத் தின்று முடித்தபோது செவ்வாய்க்கிழமை காலை மணி ஒன்பது. முழுக்கத் தின்றது என்று சொல்ல முடியாது. கழுத்துக் கொக்கிகள் இரண்டையும் ஒரு சாண் ஜரிகையையும் மிச்சம் வைத்திருந்தது.

"ஆத்தாடி! அம்புட்டும் போச்சே!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் மதலேனம்மாள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது.

வைகையின் வடகரையில், சிம்மக்கல்லுக்கு எதிரே இருந்த அந்தத் தெருவின் கிழக்குக் கோடியில் கத்தோலிக்கரின் மாதா கோயில். மேற்குக் கோடியில் மிஷன் சபையாரின் ஆலயம். நடுவில், ஒரே கிளுவை வேலியைப் பங்கு போட்டுக்கொண்டு, மதலேனம்மாள் வீடும் லேயாள் டீச்சர் வீடும். மதலேனம்மாள் இருபது வருஷமாக மாதா கோயில் துணிமணிகளைத் துவைத்துக் கொடுப்பவள். லேயாள் மிஷன் பெண் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுப்பவள், புருஷனை இழந்தவள், வயது நாற்பத்தெட்டு, உயரம் நாலரை அடி. கரும்பலகையில் எழுத வேண்டுமானால் ஒரு முக்காலி மேல் ஏறித்தான் நிற்க வேண்டும். அந்த முக்காலியைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் கையோடு தூக்கிக்கொண்டு நடப்பாள்.

இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது. குழம்பு மாற்றிக்கொள்ளாத நாளும் கிடையாது. சண்டை எப்போதும் ஒரே விஷயத்தில்தான்.

"அம்மாகிட்டச் சொன்னா மகன் கேக்க மாட்டாரா, லேயாக்கா?"

"மகன் பக்கத்துலயே இருக்காரு. அப்புறம் எதுக்குடி அந்த அம்மாவைத் தொந்தரவு பண்றே?"

"உங்க மேசைக்கு மட்டும் லேஸ் வச்சுத் துணி தைக்கிறீங்களே. மேசைக்கு என்ன, குளிரா?"

இந்த இடம் வந்ததும் லேயாள் சண்டையை முடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். மிஷன் ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி நடக்கும் ஞாயிறுகளில் மேசைமேல் விரிக்கும் வெள்ளை விரிப்பு அவள் கையால் பின்னியது. இருபத்தாறு வருஷமாக அவளே துவைத்து, அவளே இஸ்திரி போட்டு, அவளே விரித்துவிட்டு, முதல் வரிசையில் உட்காருவாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே பெருமை அதுதான்.

ஆடு தின்ற கதைக்கு வருவோம். மதலேனம்மாள் வழக்கமாகத் துணி காயப்போடும் கொடியின் ஒரு முனை அவள் வீட்டுக் கம்பத்திலும் மறுமுனை லேயாள் வீட்டு முருங்கைமரத்தின் உயரமான கிளையிலும் கட்டியிருக்கும். சனிக்கிழமை மாலை மாதா சப்பரம். அதற்காக மாதா சிலையின், அந்தச் சுரூபத்தின், நீல மேலங்கியைத் துவைத்துத் திங்கட்கிழமை காயப்போட வந்தாள். லேயாள் முக்காலியில் ஏறி நின்று கொடியை அவிழ்த்துவிட்டாள்.

"உன் வீட்டுத் துணி எம்புட்டு வேணும்னாலும் போடு. விக்கிரகத்துத் துணிக்கு என் முருங்கைமரம் கிடையாது."

மதலேனம்மாள் ரோஷத்தோடு மறுநாள் விடிந்ததும் மேலங்கியைத் தாழ்வான கிளுவை வேலிமேல் விரித்தாள். கிளுவை இலை என்றால் கறுப்பிக்கு உயிர். இலையோடு சேர்த்து அங்கியும் போயிற்று.

"உங்க ஆடுதானே! புரொட்டஸ்டண்டு ஆடு! பாத்துப் பாத்து மாதா துணியாத் தின்னிருக்கு பாருங்க, டீச்சரம்மா!"

கோபம் வந்தால்தான் மதலேனம்மாள் வாயில் 'லேயாக்கா' போய் 'டீச்சரம்மா' வரும்.

லேயாள் கறுப்பியின் வாயோரத்தில் தொங்கிய நீல நூலைப் பார்த்தபடி நின்றாள். ஆடு அவளுடையது. கொடியை அவிழ்த்ததும் அவள்தான்.

அன்று சாயங்காலம் வேதப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விக்கிரகம் செய்யாதே, அதற்கு முன் குனியாதே என்று பத்துக் கட்டளையில் இருந்தது. அது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதே மோசே, இரண்டே அதிகாரம் தள்ளி, ஒருவனுடைய மிருகம் இன்னொருவன் பயிரை மேய்ந்தால் தன்னிடம் இருப்பதில் நல்லதை எடுத்து ஈடு கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஒரு கட்டளை தைக்காதே என்கிறது. இன்னொரு கட்டளை தைத்துக் கொடு என்கிறது.

மறுநாள் காலையில் வேலியோரம் போய் நின்றாள்.

"மதலேனா, அங்கி நான் தச்சுத் தாரேன்."

மதலேனம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "நீங்களா?"

"மூணு விஷயம் சொல்றேன், கேட்டுக்க. உன் சுரூபத்துகிட்ட நான் வரமாட்டேன். அளவும் எடுக்க மாட்டேன், போட்டும் பாக்க மாட்டேன். உசுரோட இருக்கிற ஒரு பொம்பளைக்குத்தான் தைப்பேன். தச்சதை உன் கையிலதான் கொடுப்பேன், மாதாவுக்குக் கொடுக்கலை. உனக்கும் எனக்கும் அத்தோட சரியாப் போச்சு. அதை நீ போட்டுக்குவியோ, யாருக்குப் போடுவியோ, உன் பாடு."

"என்கிட்டயா கொடுப்பீங்க? அப்ப... மாதாவுக்கு அங்கி கொடுத்தது நானா?"

"நீதான்."

மதலேனம்மாள் அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மாதாவுக்குப் புது உடுப்பு கொடுத்தால், அந்த வருஷம் அவர்கள் வீட்டு வாசலில் சப்பரத்தை இறக்கி வைத்து மேளம் அடிப்பார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் வாசலில்தான் அது இதுவரை இறங்கியிருக்கிறது. இருபது வருஷம் துவைத்துக் கொடுத்தவள் வாசலை ஒரு தடவைகூட அது நின்று பார்த்ததில்லை.

"லேயாக்கா!" என்றாள் மதலேனம்மாள். கோபம் போயே போய்விட்டது.

*

சுரூபத்தின் அளவுக்கு உயிருள்ள பொம்பளை வேண்டும். மதலேனம்மாள் கோயிலுக்கு ஓடினாள். அளக்க அவள் கையில் இருந்தது செபமாலைதான். தோளிலிருந்து பாதம்வரை இரண்டு மாலை நீளமும் பத்து மணியும் என்று கணக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

செய்தி பரவியதும் கத்தோலிக்கப் பெண்கள் வேலியோரம் வரிசை கட்டிவிட்டார்கள். மாதாவின் அளவு நான்தான் என்று பேர் வாங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது!

"சவேரியம்மா, நீ ரெண்டு மாலையும் முப்பது மணியும் இருக்கே. போ."

"குனிஞ்சு நிக்கிறேன், மதினி!"

"மாதா என்ன கூனியா? நீ தள்ளு. அடுத்து யாரு?"

அடுத்தவள் அகலத்தில் தோற்றாள். அதற்கடுத்தவள் எட்டு மாதக் கர்ப்பிணி. பத்துப் பேரை அளந்தும் ஒருத்தியும் சரிவரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லேயாள், "சரி, நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்தாள். எழுந்தவளை மதலேனம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். பார்த்தவள் செபமாலையைத் தூக்கிக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்தாள்.

"அந்தக் கொட்டைய என் மேல வைக்காதேடி!"

"வச்சாச்சு. ஒண்ணும் ஆகலையே! ஒண்ணு... ரெண்டு..." மணிகளை உருட்டினாள். எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது மணி லேயாளின் பாதத்தைத் தொட்டு நின்றது.

தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாதாவின் அளவு மிஷன் பள்ளி டீச்சரின் அளவு!

*

வியாழக்கிழமை ஜவுளி மூட்டையோடு வந்தார் ஹரிராம். சௌராஷ்டிரர், அந்தத் தெருவுக்கு வாடிக்கையாக வருபவர்.

"நல்ல நீலப் பட்டு வேணும் ஹரிராம் அண்ணே. ஒரு பொம்பளைக்கு."

"எந்த அளவு பொம்பளைக்கு டீச்சர்?"

"என் அளவுதான்."

ஹரிராம் மூட்டையை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இத்தனை வருஷமாக வெள்ளையும் சாம்பல் நிறமும் தவிர வேறு எதையும் தொடாத டீச்சர்! "எடுங்கம்மா, எடுங்க. மயில் கழுத்து மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன். மாப்பிள்ளை எந்த ஊரு?"

"அளவுகோலாலே அடிச்சிருவேன், அண்ணே!"

அவர் பட்டைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். போகிற வழியில் சும்மா போகவில்லை என்பது, மாலையில் சபை மூப்பர் வெள்ளைத்துரை குடையும் கையுமாக வந்து நின்றபோது தெரிந்தது.

"தெருவுல ரெண்டு விதமாப் பேசுறாங்க டீச்சர். ஒண்ணு, உங்களுக்குக் கல்யாணம்னு. அதை நான் நம்பலை. இன்னொண்ணு, அந்தச் சிலைக்கு நீங்க அங்கி தைக்கிறீங்கன்னு."

"மதலேனாவுக்கு ஈடு கட்டுறேன், மூப்பரே. உங்க கோட்டுல மேல் பட்டன் தொங்குது. விழுந்துரும். இப்படி நில்லுங்க."

எதிரே தொங்கும் பட்டனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க லேயாளால் முடியாது. முக்காலியில் ஏறி, கோட்டு அவர் மேல் இருக்கும்போதே தைக்க ஆரம்பித்தாள். கழுத்தடியில் ஊசி நடமாடியதால் மூப்பர் தாடையை மேலே தூக்கிக்கொண்டு பேச வேண்டியதாயிற்று.

"சுத்தி வளைச்சுப் பேசாதீங்க. சனிக்கிழமை அந்தத் துணி சிலை மேல ஏறும். ஞாயித்துக்கிழமை நமக்குப் பந்தி. போதகர் ஐயா ஊருல இல்லை, அன்னிக்குக் காலையிலதான் வாராரு. நான் சொல்றதைச் சொல்லிப்புடுறேன். நீங்க அந்தச் சிலைகிட்ட நிக்கிறதை நான் கண்ணால பாத்தா, பந்தியில உங்களுக்கு இடம் இல்லை. விரிப்பையும் வேற ஆளு விரிக்கட்டும்."

"அசையாம நில்லுங்க" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் லேயாள். "நான் அதுகிட்டப் போகவே மாட்டேன், மூப்பரே. சத்தியமா."

மனதாரத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மேலங்கி முடிந்தது. கீழ் மடிப்பு சரிதானா என்று பார்க்கக் கதவைச் சாத்திக்கொண்டு தானே போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் நீலப் பட்டுக்குள் ஒரு குட்டைப் பொம்பளை நின்றாள். நன்றாகத்தான் இருந்தாள். ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஜன்னலுக்கு வெளியே கறுப்பி, முன்னங்கால் இரண்டையும் சுவரில் வைத்துக்கொண்டு, பட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

*

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு மேளம் கேட்டது. லேயாள் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, ஒரு விரல் சந்து மட்டும் விட்டுவைத்தாள். தான் தைத்த துணி எப்படி விழுகிறது என்று பார்ப்பது தையற்காரிக்குப் பாவமாகாது என்பது அவள் எண்ணம்.

சப்பரம் வந்தது. மதலேனம்மாள் வாசலில் மாக்கோலம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கையில் மெழுகுவர்த்தியோடு, தறியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற புதுச் சேலையில் மதலேனம்மாள். தோள்கொடுத்தவர்கள் சப்பரத்தை இரண்டு மரத் தாங்கிகள்மேல் இறக்கினார்கள். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. இருபது வருஷம் காத்திருந்தவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

அந்த நேரம் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று.

சதைப் பிடிப்புள்ள தோளுக்கு வைத்த கொக்கி அது. வழுவழுவென்று வர்ணம் பூசிய மரத்தோளில் பட்டு எப்படி நிற்கும்? வலத் தோளிலிருந்து வழுக்கியது. கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளை இன்னாசி தாவிப் பிடித்து மேலே இழுத்தார். இடத் தோள் வழுக்கியது. அதை இழுத்தார்; முழு அங்கியும் முழங்காலுக்கு வந்துவிட்டது. மேளம் தடுமாறி நின்றது.

"கொடுத்த கை சரியில்லை போல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது ஜன்னல் சந்துவரை வந்து விழுந்தது.

மதலேனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் போன போக்கை லேயாள் பார்த்தாள். எதிர்ச்சாரியில் ஒரு புளியமரத்தடியில் குடையோடு நின்றுகொண்டிருந்த மூப்பர் வெள்ளைத்துரையையும் பார்த்தாள். வெள்ளை விரிப்பு, முதல் வரிசை, இருபத்தாறு வருஷம், எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து நின்றன.

மறுநொடி கதவு படீரென்று திறந்தது.

வாயில் இரண்டு குண்டூசி, ஒரு கையில் நூல் கோத்த ஊசி, மறு கையில் முக்காலி. "தள்ளுங்க, தள்ளுங்க! பட்டை அப்படியா இழுக்கிறது? இன்னாசி அண்ணே, கையை எடுங்க!" கூட்டம் வழிவிட்டது. முக்காலியைப் போட்டு ஏறினாள். அப்படியும் எட்டவில்லை. நுனிக்காலில் எக்கினாள். உள்ளே உடுத்தியிருந்த வெள்ளை உடுப்போடு அங்கியைச் சேர்த்து வலத் தோளில் நாலு தையல், இடத் தோளில் நாலு தையல். கடைசியில் கத்தரிக்கோலைத் தேடினாள், வீட்டிலேயே விட்டுவந்துவிட்டாள். வாயை மாதாவின் தோளருகே கொண்டுபோய் நூலைக் கடித்து அறுத்துவிட்டு இறங்கினாள்.

மேலங்கி ராணி மாதிரி விழுந்து நின்றது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. "மரியே வாழ்க!" என்று தெரு அதிர்ந்தது. மதலேனம்மாள் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, திரும்பி லேயாளைக் கட்டிப்பிடித்தாள்.

"ஊசி, ஊசி! குத்திரும்டி!" என்றாள் லேயாள்.

புளியமரத்தடியில் குடை மடங்கியது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலயத்துப் பக்க அறையில் போதகர் ஞானாபரணம் நாற்காலியில். மூப்பர் வெள்ளைத்துரை நின்றுகொண்டு, அந்த வெள்ளை விரிப்பைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே, முக்காலி இல்லாமல், லேயாள்.

"என் கண்ணால பாத்தேன் ஐயா. சிலையைத் தொட்டாங்க. அது முன்னால குனிஞ்சாங்க. எல்லாத்துக்கும் மேல, முத்தம் கொடுத்தாங்க!"

போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "டீச்சர், தொட்டீங்களா?"

"துணி நழுவிச்சு ஐயா, மதலேனா அழுதுட்டா. தொடாம எப்படித் தைக்கிறது? என் ஆடு பண்ணின நஷ்டம். ஈடு கட்டுறேன்னு கொடுத்தது நடுத்தெருவுல அவுந்து விழுந்தா, அது ஈடாகுமா?"

"குனிஞ்சீங்களா?"

லேயாள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லி வாங்கும் இடம் அவளுக்கு வேண்டாம்.

"எட்டவே இல்லை ஐயா. முக்காலி போட்டு, அதுக்கு மேல நுனிக்கால்ல எக்கி நின்னேன். குனிய எங்கே நேரம்?"

போதகரின் மீசை லேசாக அசைந்தது. "முத்தம்?"

"நூலைக் கடிச்சேன். வியாழக்கிழமை மூப்பர் கோட்டுக்குப் பட்டன் வச்சப்பவும் அப்படித்தான் கடிச்சேன். அவருக்கும் நான் முத்தம் கொடுத்தேன்னா சொல்றாரு?"

மூப்பரின் கை அனிச்சையாகக் கழுத்துப் பட்டனுக்குப் போயிற்று. முகம் கறுத்துச் சிவந்தது. போதகர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து இருமினார். நெடுநேரம் இருமினார்.

"ஆனா ஒண்ணு ஐயா" என்றாள் லேயாள் தலையைத் தாழ்த்திக்கொண்டு. "மறைக்கக் கூடாது. அதுகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டேன்."

மூப்பர் நிமிர்ந்தார். போதகர் இருமலை நிறுத்தினார். "என்னன்னு?"

"'அசையாம நில்லு தாயி'ன்னு. அளவு பாக்கையில எல்லாருக்கும் சொல்றதுதான். வாய்ப்பழக்கத்துல வந்துருச்சு."

"அவங்க கேட்டாங்களா?"

"அசையலை ஐயா."

அதற்கு மேல் போதகரால் முடியவில்லை. கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து நின்றார்.

"மூப்பரே, கட்டளையை நீங்க காப்பாத்தணும்னு நினைச்சது சரிதான். அதுல தப்பு இல்லை. ஆனா அந்த அம்மா சிலையைப் பாத்து ஓடலை. பக்கத்து வீட்டுக்காரி அழுறதைப் பாத்து ஓடியிருக்காங்க. அதுக்கும் நம்ம வேதத்துல இடம் இருக்கு. மணி அடிச்சாச்சு. விரிப்பைக் கொடுங்க."

வெள்ளைத்துரை ஒரு கணம் தயங்கினார். பிறகு விரிப்பை நீட்டினார். "கொஞ்சம் கசங்கிருச்சு டீச்சர்" என்றார், மெல்லிய குரலில்.

"பரவாயில்லை மூப்பரே. நீவிக்கிறேன்."

லேயாள் மேசைமேல் விரிப்பை விரித்தாள். லேஸ் ஓரங்களை நாலு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அன்று பாடிய பாட்டில் அவள் குரல் மற்ற எல்லோர் குரலுக்கும் மேலே கேட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வேலிமேல் ஒரு தூக்குப் பாத்திரம். திருநாள் கறிக்குழம்பு. வேலிக்கு அப்பால் மதலேனம்மாள்.

"லேயாக்கா, தெருப் பூரா ஒரே பேச்சு. நீங்க சொன்னதும் மாதா அசையாம நின்னாங்களாமே. புதுமை, அற்புதம்னு பேசிக்கிறாங்க!"

"மரம்டி அது. அசையுமா?"

"அதுக்கு முன்னாடி அந்தக் காத்துல சப்பரமே ஆடிச்சே! நீங்க சொன்னப்புறம் ஆடுச்சா?"

"காத்து நின்னுபோச்சு, நின்னுச்சு!"

"காத்தை நிறுத்தினது யாராம்?"

லேயாள் முக்காலியை எடுத்துக்கொண்டு முருங்கைமரத்தடிக்குப் போனாள். ஏறி, எக்கி, அவிழ்த்துவிட்ட கொடியை எடுத்துப் பழைய கிளைக்கும் ஒரு கிளை உயரத்தில் கட்ட ஆரம்பித்தாள். கீழே கறுப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள் மதலேனம்மாள். "நாளைக்கு அங்கியைத் துவைக்கணும்."